மிக்ஸி நிற்கும் நேரம்

மிக்ஸிதான் முதலில். தேங்காய்ச் சில்லு பிளேடில் முட்டிக் கடகடக்கும், பிறகு மசியும், பிறகு ஒரே இரைச்சலாகித் தரை வழியாக ஓடிவந்து கட்டில் காலில் ஏறி என் கடைவாய்ப் பல்லில் உட்கார்ந்துகொள்ளும். அந்த இரைச்சல் முழு வேகத்தில் இருக்கும்போது நான் பொத்தானை அமுக்குகிறேன். மிக்ஸி நிற்கிறது. வீட்டுக்குள் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் என் உள்ளங்கையிலிருந்து மெஷின் பேசுகிறது. ஃபோர். நைன். ஜீரோ. செவன். செவன். டூ. வெள்ளைக்காரியும் அல்லாத நம்மூர்க்காரியும் அல்லாத ஒரு பெண் குரல், ஒவ்வொரு எண்ணையும் தட்டில் இட்லி வைப்பதுபோல் தள்ளித் தள்ளி வைக்கிறது. டூ முடிந்ததும் ஒரு சின்ன பீப். பீப் முடிந்ததும் மிக்ஸி மறுபடி ஓடுகிறது. இதைத்தான் சொல்கிறேன். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சார், என் பெயர் மதலைமுத்து, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறவன், ஐம்பது தாண்டியாச்சு, இரண்டு கண்ணும் தெரியாது, என் பெண்டாட்டி சலேத் சட்னி அரைப்பதை நடுவில் நிறுத்துகிறாள், நடவடிக்கை எடுங்கள். சிரிப்பார்கள். எனக்கே சிரிப்பு வருகிறது, வந்து பாதியில் நின்றுகொள்கிறது. மடியில் முறம், முறத்தில் சின்ன வெங்காயம். சனிக்கிழமை சாம்பாருக்கு வெங்காயம் உரிப்பது என் வேலை. இந்த வீட்டில் கண் எரியாத ஆள் நீங்கதான் என்று சலேத் சொல்லிச் சொல்லி அது என் வேலையாகிவிட்டது. எரியும். கண் பார்க்கத்தான் மறந்தது, எரிய மறக்கவில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் முறத்தை வாங்கிக்கொள்வாள், பிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது இந்த மெஷின் மட்டும்தான்.

இப்போது அமுக்கியது சும்மா. பழக்கத்துக்கு அமுக்கினேன். இனி அமுக்கப்போவது நிஜம். என் தங்கச்சி அமலியின் மகள் ஷெர்லினுக்குத் தஞ்சாவூரில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. இன்று மத்தியானத்துக்குள் ஃபீஸ் போய்ச் சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். இன்று இரண்டாம் சனிக்கிழமை, பேங்க் கிடையாது, போனில் அனுப்பினால்தான் உண்டு. இதைக் கேட்க ஷெர்லின் என் நம்பருக்கு வரவில்லை. முந்தாநாள் ராத்திரி ஆஸ்பத்திரி போர்டுக்கே அடித்தாள். வணக்கம், எந்த வார்டு வேணும் என்று நான் கேட்க, "மாமா, நான் ஷெர்லின்" என்றது. "உங்க போனுக்குப் பண்ணா அத்தை பக்கத்துல இருப்பாங்கன்னு அம்மா பயந்துச்சு மாமா." "அத்தை இருந்தா என்ன, கடிச்சா வச்சிருவா?" என்று வீரமாகக் கேட்டேன். மூன்று கட்டடம் தள்ளி இருக்கும் பெண்டாட்டியிடம் எல்லாருக்கும் வீரம்தான். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னது. "சனிக்கிழமை காலையில அனுப்பிடறேன். யாரையும் கேக்க வேண்டியதில்ல. மாமாகிட்ட மெஷின் இருக்கு." மெஷின் இருக்கு. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது என் முதுகு தானாக நிமிர்ந்ததை நாற்காலி முனகலில் கேட்டேன். சோப்புக்கட்டி அளவில் ஒரு டப்பா, கண் தெரியாதவர்களுக்கென்று பேங்கில் கொடுத்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய பொத்தான். அமுக்கினால் ஆறு எண் சொல்லும், ஒவ்வொரு அமுக்குக்கும் புது ஆறு. போனில் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, கடைசியில் இந்த ஆறையும் போட்டால் பணம் போகும். இதற்கு முன்னால் கொடுத்திருந்த கார்டில் பின்பக்கம் கட்டம் கட்டமாக எண் அச்சடித்திருக்கும். பி கட்டத்தில் என்ன, ஜே கட்டத்தில் என்ன என்று போன் கேட்கும், நான் சலேத்தைக் கேட்பேன், அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எதுக்கு?" என்பாள். எண்ணைச் சொல்வதற்கு முன்னால் எப்போதும் அந்த எதுக்கு. பத்து வருஷம் அந்த எதுக்குக்குப் பதில் சொல்லியே என் சம்பளம் என் சம்பளம் இல்லை என்று ஆகிவிட்டது.

சலேத் மோசமானவள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் எடத்தெரு முழுக்க என்னை அடிக்க வரும். கண் தெரியாதவனைக் கட்டிக்கொண்டவள். கல்யாணத்தன்றே சாமியார் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் நிறுத்தினார், கோயில் முழுக்க அவளுக்காக மூச்சு விட்டது. கிழவிகள் வந்து அவள் தாடையைத் தொட்டு, உனக்கு மோட்சத்துல இடம் போட்டாச்சும்மா என்றார்கள். நான் பக்கத்தில் நின்றேன், அவளுடைய டிக்கெட். கோட்டு போட்ட டிக்கெட். அமலி மட்டும் வேறு மாதிரி சொன்னாள். அது எங்கள் அம்மா செத்த வீட்டில், பெட்டி இன்னும் மூடாதபோது. "கண்ணில்லாதவன் சம்பளத்துல கண்ணுள்ளவ உக்காந்து திங்கிறா" என்று அமலி யாரிடமோ சொன்னாள், சலேத் காதில் விழுகிற தூரத்தில். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. "அந்த வீட்டுக்கு என் கையால ஒரு குண்டூசி போகாது" என்று சலேத் சொன்னாள், சத்தம் போடாமல், பஸ்ஸில் வரும்போது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அவள் அதை மறந்தாளோ என்னவோ, நான் மறக்கவில்லை. அவள் சொன்னதை அல்ல, அமலி சொன்னதை. கோபத்தில் சொன்ன வார்த்தை காதில் தண்ணீர் போன மாதிரி உள்ளேயே கிடந்து அசைந்தது. தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது உருண்டது. மெஷின் வந்த புதிதில் அதோடு கொடுத்த இயர்போனை மாட்டிக்கொண்டுதான் எண்ணைக் கேட்டேன். ஒரு நாள் இயர்போன் ஆஸ்பத்திரிப் பையிலேயே தங்கிவிட்டது. மாட்டாமல் அமுக்கினேன். மிக்ஸி நின்றது. எண் முடிந்தது, மிக்ஸி ஓடியது. அந்த நிமிஷம் உள்ளே கிடந்த வார்த்தை உருண்டுவந்து காது வாசலில் நின்றது. அப்புறம் இயர்போனை மாட்டவே இல்லை, அது அலமாரியில் டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கிறது. ஈஸ்டருக்கு முன்னால் ஒரு கரண்டு பில் கட்டினேன், அதுதான் நிஜமாக அமுக்கியது. அதற்கப்புறம் அமுக்கியதெல்லாம் மிக்ஸிக்காக. காலையில் வந்ததும் அமுக்குவேன், நிற்கும். குளித்துவிட்டு வந்து அமுக்குவேன், நிற்கும். மிக்ஸி இல்லாத நேரத்தில் அமுக்கினால் துணி துவைக்கும் சத்தம் நிற்கும், தையல் மெஷின் நிற்கும், அவள் பாடிக்கொண்டிருந்தால் பாட்டு நிற்கும். பாஸ்வேர்டு இல்லாமல் அந்த ஆறு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு புல்லையும் பிடுங்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றினேன். என் காதுக்கு வெளியே இன்னொரு காது என் எண்ணைக் கேட்கிறது, எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. பொத்தானை அமுக்கினால் எண் வருகிறதோ இல்லையோ, சலேத் நிற்கிறாள். அதிலும் ஒரு ருசி இருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் நான் ஒன்றைச் செய்து அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

மெஷின் வாங்கப் போனபோதும் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள், கண்டோன்மெண்ட் பேங்குக்கு. கவுண்டரில் ஒரு பெண், குரலில் இன்னும் காலேஜ் ஈரம் காயவில்லை, மல்லிகையும் ஏசி வாடையும். "அக்கா, சார் கையெழுத்துப் போடுவாங்களா, கைநாட்டா?" நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். அவரையே கேளேன் என்று சலேத் சொல்லலாம். "கைநாட்டுதான்மா" என்றாள். "அக்கா, சாரை அந்தச் சேர்ல வைங்க." வைங்க. வைத்தாள். ஒரு ஆள் வந்து என் கட்டைவிரலை மையில் உருட்டிக் காகிதம் காகிதமாக ஒற்றிக்கொண்டிருந்தான், பக்கத்தில் பாஸ்புக் அடிக்கிற மெஷின் கர்ர் கர்ர் என்று இழுத்துக்கொண்டிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் சலேத்துக்கு என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். என் மெஷினைப் பற்றி, என் பெண்டாட்டியிடம். நடுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று இன்றுவரை தெரியாது. ராத்திரி போர்டில் ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே கூப்பிடுகிறவன் குடித்திருக்கிறானா, அழுதிருக்கிறானா, கடன்காரனா என்று பிரித்துவிடும் காது இது. அந்த நாலடி தூரம் அன்றைக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் சலேத் கேட்டாள், "அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் கேட்டுச்சா?" கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சொல்லித் தருவாள், குழந்தைக்குச் சோறு ஊட்டும் குரலில். "கேட்டுச்சு, கேட்டுச்சு, எனக்குக் காது இருக்கு" என்றேன். மடியில் மெஷின் டப்பா சூடாக இருந்தது, இல்லை, என் கைச் சூடு. அதோடு விட்டிருக்கலாம். "இனிமே உன் கண்ணு எனக்கு வேண்டாம்" என்றேன். ஆட்டோக்காரன் சிரித்துவிட்டான். "சரிதான் அண்ணே, அக்காவுக்கு ரிடையர்மெண்டு" என்றான். ஆட்டோ பாலக்கரை பாலம் ஏறி இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து எதையோ கழற்றினாள். கொலுசு. கல்யாணமான வாரத்தில் நான் கேட்டு வாங்கிப் போட்டது, அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிவதற்காக. மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி என்று அவள் அம்மா அப்போதே முகம் சுளித்தாளாம். "என்ன சத்தம்?" என்றேன். "ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் என் கண்ணு வேண்டாமே, கால் மட்டும் எதுக்கு?" அதோடு சலேத் இந்த வீட்டில் காணாமல் போனாள். மிக்ஸி ஓடும்போது அடுப்படியில் இருக்கிறாள். ஓடாதபோது எங்கே இருக்கிறாள்? கதவடியிலா, என் தலைக்கு மேலேயா, என் கை போனில் பாஸ்வேர்டு தட்டுவதைப் பார்த்துக்கொண்டா? எனக்குத் தெரியாது. ராத்திரி டியூட்டி முடிந்து பகலில் படுத்தால் தூக்கம் வரும்முன் ஒரு முகம் என் முகத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி இருக்கும். கையை உயர்த்தித் துழாவுவேன், காற்றுதான் இருக்கும். துழாவும் கையையும் அவள் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

போதும். போனை எடுக்கிறேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இதன் குரலை நான் ஓடவிட்டிருக்கும் வேகத்துக்குக் கண்ணுள்ளவன் காது எதுவும் ஈடுகொடுக்காது, தகரத்தில் மழை பெய்கிற மாதிரிதான் கேட்கும். அது என் ரகசிய பாஷை. மெஷின்காரியிடம் அந்த வேகம் கிடையாது. அவள் எல்லாருக்கும் புரியும்படிதான் பேசுவாள், பைத்தியக்காரி. பாஸ்வேர்டு. காலேஜ் கணக்கு எண், ஷெர்லின் இரண்டு தடவை வாசித்து அனுப்பியது. தொகை. எண்ணைத் தருக. பொத்தான். மிக்ஸி நிற்கிறது. சிக்ஸ். ஒன். ஒன். எய்ட். த்ரீ. ஃபைவ். பீப். மிக்ஸி. தட்டுகிறேன். தவறான எண், இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன என்கிறது போன். விரல் நழுவியிருக்கும். வெங்காயச் சாறு, திரையில் விரல் வழுக்குகிறது. வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். துடைத்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று ராத்திரி ஒரு அம்மா கூப்பிட்டது, மணப்பாறைப் பக்கத்துப் பேச்சு. அவசரப் பிரிவில் அவள் வீட்டுக்காரர். "கஞ்சி குடிச்சாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி, நான் வச்சிடறேன்." கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த வார்டிலிருந்து பிணவறைக்கு லைன் கேட்டிருந்தார்கள், அதே படுக்கை. போர்டிலிருந்து எதுவும் சொல்லக்கூடாது என்பது சட்டம். "இருங்கம்மா, லைன் தர்றேன்" என்று பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வார்டில் எடுக்கவில்லை. பாட்டுக்கு நடுவில் அந்த அம்மா பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது, நாளைக்கு ரசஞ்சோறு எடுத்துட்டுப் போகணும், புளி கரைச்சு வை என்று. நான் லைனை அறுக்கவில்லை. அறுத்திருக்கலாம், அதுதான் முறை. கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதில் ஏதோ ஒன்று இருந்தது, சொல்லக் கூசுகிறது, வெந்நீரில் கால் வைத்த மாதிரி ஒரு சுகம். தெரிந்தவன் வாயைத் திறக்காமல் இருக்கும்போது அந்த அறையில் அவன்தான் பெரிய ஆள். அப்புறம் வார்டில் எடுத்தார்கள். நான் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அலறல் கழுத்தடியிலிருந்து வந்தது, கொசு மாதிரி.

கை காய்ந்துவிட்டது. பொத்தான். மிக்ஸி நிற்கிறது, சனியன், இந்தத் தடவை ஓடித் தொலையேன். ஜீரோ. ஃபோர். டூ. நைன். நைன். சிக்ஸ். ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன், தட்டியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன், ஜீரோ ஃபோர் டூ நைன் நைன் சிக்ஸ், சரி. தவறான எண், இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது. உள்ளங்கையில் மெஷின் ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கிறது. மெஷினா, பேங்கா, நானா, யார் பொய் சொல்வது? பேங்கில் எண்ணை மாற்றிவிட்டார்களா? மாற்றியது சலேத்தா? இல்லை, அவளால் முடியாது. ஏன் முடியாது, கேட்டுக்கொண்டே இருந்தாளே, இத்தனை நாள் நின்று நின்று கேட்டாளே. என்ன யோசிக்கிறேன் நான். கோயில் மணி அடிக்கிறது. மத்தியானம் இல்லை, யாருக்கோ திருப்பலி. போன் அதிர்கிறது. அழைப்பு வந்தால் மட்டும் இந்தச் சனியன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி நிதானமாகச் சொல்லும்: ஷெர்லின் அழைக்கிறார். ஷெர்லின் அழைக்கிறார். பதறி அமுக்கி அறுக்கிறேன். மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கேட்டிருக்காது. ஒரு வாய்ப்பு. வேறு யாரையாவது கேட்கலாம். ஆஸ்பத்திரியில் லிஃப்ட்காரனைக் கேட்கலாம், பார்மசிப் பையனைக் கேட்கலாம். கேட்பதென்றால் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான், கேட்ட பிறகு அவர்கள் குரல் மாறிவிடும். கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் மெதுவாக, காதும் கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி. யாரையும் கேட்காமல் ஒரு காரியம். ஒன்றே ஒன்று. மாமாகிட்ட மெஷின் இருக்கு. பொத்தானை அமுக்குகிறேன், கட்டைவிரல் வலிக்கும்படி. மிக்ஸி நிற்கிறது. த்ரீ. த்ரீ. ஃபைவ். ஜீரோ. ஒன். செவன். தட்டுகிறேன். போன் யோசிக்கிறது. அது யோசிக்கும் நேரத்தில் மிக்ஸி திரும்ப ஓடவேண்டும். ஓடவில்லை. தங்கள் கணக்கின் இணையச் சேவை முடக்கப்பட்டுள்ளது, தங்கள் கிளையை அணுகவும். மறுபடி சொல்லச் சொல்கிறேன். முடக்கப்பட்டுள்ளது. கிளையை அணுகவும். திங்கட்கிழமை. மிக்ஸி இன்னும் ஓடவில்லை.

தேங்காய் வாடை பக்கத்தில் வருகிறது. கொலுசு இல்லாத கால், எவ்வளவு நேரமாக நிற்கிறதோ. "என்ன, உங்க சின்னவீடு கோவிச்சுக்கிட்டாளா?" என்கிறாள் சலேத். மெஷினுக்கு அவள் வைத்த பேர் அது. "ஒண்ணுமில்ல" என்கிறேன். "மூணு தடவை அடுத்தடுத்து அமுக்கினீங்களே. எப்பவும் ஒரு தடவைதான அமுக்குவீங்க, நான் நிறுத்துறேனான்னு பாக்க." காதுமடல் சூடாகிறது. "தெரியுமா உனக்கு?" "மொத நாள்லேர்ந்து தெரியும்." "தெரிஞ்சு ஏன் நிறுத்துன?" "மொத நாளு, சத்தத்துல உங்களுக்கு எண்ணு கேக்காதேன்னு நிறுத்துனேன். நீங்க காதைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்த லட்சணத்தைப் பாத்ததும் புரிஞ்சு போச்சு. அப்புறம் நிறுத்தாம விட்டா, திருட்டுத்தனமா கேக்கறா, அதான் ஓடவிடுறான்னு நெனப்பீங்க. எப்படியும் நெனக்கிறதுதான, உங்க ஆசைக்கு நிறுத்திட்டுப் போறேன்." அவள் குரலில் கோபமே இல்லை. மளிகைக் கடையில் இது தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். "அமுக்கி அமுக்கி வச்சீங்கல்ல, இப்ப பூட்டிக்கிச்சு. இதுல ஓடுற எண்ணும் பேங்க்ல ஓடுற எண்ணும் ஒண்ணாப் போகணுமாம். சும்மா சும்மா அமுக்கினா இது முன்னாடி ஓடிரும், அது ஏத்துக்காது, நேர்ல கொண்டாந்துதான் சரிபண்ணணும்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னுச்சு." "என்கிட்ட சொல்லலையே நீ." "ஆட்டோவுல கேட்டேனே, கேட்டுச்சான்னு. கேட்டுச்சு கேட்டுச்சுன்னீங்க. காது இருக்குன்னீங்க." இத்தனை மாசம். நான் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அடுப்படியில் கையை மிக்ஸிப் பொத்தானில் வைத்துக்கொண்டு, இது பூட்டிக்கொள்ளப் போகிற நாளுக்கு ஒரு எண் கிட்டே போனோம் என்று தெரிந்துகொண்டு, நின்றிருக்கிறாள். வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு. அவள் நகரவில்லை. "ஷெர்லின் ஃபீஸுக்குத்தான?" என்கிறாள். விரலுக்கு நடுவில் ஒரு வெங்காயம் நழுவி முறத்தைத் தாண்டித் தரையில் உருள்கிறது. எங்கே போய் நின்றது என்று கேட்கவில்லை, அவள் காலில் பட்டு நின்றிருக்கும். "உங்க போனு ஊருக்கே சொல்லுதே. நேத்திக்கும் அழைச்சுச்சு, நீங்க தூங்கிட்டிருந்தீங்க." எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை. "என் தையல் காசு கெடக்குது என் கணக்குல. அந்தப் பிள்ளை என்னை ஒண்ணும் சொல்லல, அவ ஆத்தாதான் சொன்னா. ரெண்டு நிமிஷ வேலை, என் போன்லேர்ந்து போட்டுருவேன்." நான் மூச்சை விடுகிறேன். சீக்கிரம் விட்டுவிட்டேன். "நீங்க கேட்டா" என்கிறாள். "ஒரு வார்த்தை. சலேத்து, எனக்கு எண்ணு படிக்கணும், நீ வேணும்னு கேளுங்க. அவ்வளவுதான்."

எண்ணே இல்லாத காரியத்துக்கு எண்ணைப் படிக்கக் கேட்கச் சொல்கிறாள். அந்த வார்த்தை ஒன்றும் பெரியதல்ல. ராத்திரிக்கு எத்தனையோ பேர் என்னிடம் அதைவிடக் கேவலமாகக் கெஞ்சுகிறார்கள், சார் சார் என்று, எனக்கு ஒன்றும் ஆகாத ஆட்கள், அவர்கள் வாய் ஒன்றும் வெந்துபோகவில்லை. நாக்கை நகர்த்துகிறேன், நகர்கிறது. கேட்டுவிட்டால் ஷெர்லின் தஞ்சாவூரில் வெள்ளை யூனிபார்ம் போட்டுக்கொள்ளும், எனக்கு வெள்ளை என்றால் அம்மை வந்து கண் போவதற்கு முன்னால் பார்த்த சுண்ணாம்புச் சுவர், அந்தச் சுவருக்குக் கையும் காலும் முளைத்து நடக்கும். கேட்டுவிட்டால் நாளைக் காலையிலிருந்து எதுக்கு என்ற கேள்வி மறுபடி இந்த வீட்டுக்குள் குடிவந்துவிடும். அவள் காத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், என் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், எப்போதும் அப்படித்தான். போன் பேசுகிறது. ஷெர்லின் அழைக்கிறார். சலேத் குனிந்து எதையோ எடுக்கிறாள். என் உள்ளங்கையைப் பிரித்து அதில் உருண்டுபோன வெங்காயத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிடுகிறாள். "சாம்பாருக்கு நேரமாச்சு" என்கிறாள். பிறகு அடுப்படியில் வேறு ஜாரைப் பொருத்துகிற சத்தம். "கேக்கறதுன்னா மிக்ஸிக்கு மேல சத்தமாக் கேளுங்க. இன்னைக்கு நிறுத்த மாட்டேன்." ஷெர்லின் அழைக்கிறார். மிக்ஸி ஓடத் தொடங்குகிறது, அந்தப் பெயரின் முதல் எழுத்து போகிறது, பிறகு நடு எழுத்து, பிறகு முழுப் பெயரும் இரைச்சலுக்குள் இறங்கிவிட, தொடையில் ஒரு அதிர்வு மட்டும் மிச்சம். வாயைத் திறக்கிறேன். கடைவாய்ப் பல்லில் மிக்ஸி உட்கார்ந்திருக்கிறது. நிற்கவில்லை. மெஷினைத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். கையிலிருக்கும் வெங்காயத்தின் நுனியைக் கிள்ளுகிறேன். வேர்ப்பக்கத்தைக் கிள்ளுகிறேன். தோல் ஒரே இழுப்பில் வருகிறது. அடுத்தது.